தகவல் தந்தவர்

எனக்கு இரண்டு அப்பாக்கள் என்பதைச் சான்றிதழ் சரிபார்ப்பு அலுவலகத்தின் மூன்றாம் எண் மேசைதான் முதலில் கண்டுபிடித்தது. என் பிறப்புச் சான்றிதழையும் பட்டச் சான்றிதழையும் அந்த ஆள் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஆறு வித்தியாசம் கண்டுபிடிப்பவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல ஒரு அப்பா, அதுல ஒரு அப்பா. எதுங்க உங்க அப்பா?"

"ரெண்டும்தான் சார்."

பக்கத்து மேசை தலையைக் குனிந்துகொண்டு சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

"முதல்ல இருக்கறவர் பெத்தவர். எனக்கு எட்டு வயசா இருக்கும்போதே செத்துட்டார். ரெண்டாவது, வளர்த்தவர்."

"செத்ததுக்குச் சான்று?"

"அதான் சொல்றேனே சார்."

"நீங்க சொன்னா ஆச்சா? நானும்தான் தினமும் எங்க மேலதிகாரி செத்துட்டார்னு சொல்லிப் பாக்கறேன். மறுநாள் வந்து உக்காந்துடறார்." என் கோப்பின் மேல் ஒரு மஞ்சள் சீட்டைக் குத்தினார். "இறப்புச் சான்று. வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள. இல்லேன்னா காத்திருப்புப் பட்டியல்ல அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவோம்."

அன்று திங்கட்கிழமை.

வேலை பெரிய மந்திரி வேலை ஒன்றும் இல்லை. அரசு ஆய்வுக்கூடத்தில் தண்ணீரைச் சோதிக்கும் வேலை. குழாயில் வருவது குடிக்கத் தகுந்ததா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் எழுதிய தேர்வில் நான்கு பேரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அதில் நான் ஒருத்தி. எங்கள் வீட்டில் என்னைத் தவிர யாரும் பள்ளிக்கூடத்தை முழுசாகப் பார்த்ததில்லை. அம்மா பேருந்துப் பணிமனையில் பஸ் கழுவுகிறாள். அப்பா தரைக்குக் கல் பதிக்கும் கொத்தனார். வேதியியல் என்றால் இன்றைக்கும் அவருக்குப் பினாயில்தான்.

அப்பா என்று நான் சொல்வது வளர்த்தவரை. இதில் குழப்பம் வேண்டாம். வேலையிடத்தில் அவருக்கு, தரை மட்டமா என்று பார்க்கிற கருவியின் பெயர், ரசமட்டம். நடக்கும்போதுகூடத் தரையைப் பார்த்து, "ஒரு நூல் ஏறியிருக்கு" என்று முணுமுணுப்பார். பெற்றவருக்கு ஏணி என்று பெயர். வெள்ளையடிக்கிறவர், நெட்டை. இரண்டு பேரும் வெளியூரில் ஒரே அறையில் தங்கி வேலை பார்த்தார்கள். ஏணி ஏணியிலிருந்து விழுந்து சாகவில்லை; மஞ்சள் காமாலை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து, என்னைத் தூக்கிக் கூரையைத் தொட வைத்துவிட்டுப் போவார் என்பது மட்டும்தான் அவரைப் பற்றி எனக்கு இருக்கும் ஞாபகம்.

"அவர் செத்ததுக்குப் பேப்பர் எதுவும் வாங்கினியாம்மா?" என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"ஆளே போயாச்சு. பேப்பரை வெச்சு என்னடி பண்றது?"

"நான்தான் ஆஸ்பத்திரியில சேத்தேன் பாப்பா" என்றார் அப்பா. "கடைசிவரைக்கும் கூட இருந்ததும் நான்தான். கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லி, கைநாட்டு வெச்சு, எல்லாம் சுத்தமா முடிச்சுட்டுத்தான் வந்தேன். போய்க் கேளு, எடுத்துக் குடுப்பாங்க."

தேதியும் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஒரு பள்ளிக்கூட வராந்தாவுக்குக் கல் பதித்து முடித்த மறுநாள்.

செவ்வாய்க்கிழமை காலை இரண்டு மணி நேரம் பேருந்தில் போய் அந்த ஊர்ப் பதிவு அலுவலகத்தில் நின்றேன். பதிவறை என்பது இரும்பு அலமாரிகளுக்கு நடுவில் ஒரு மனிதர் மாட்டிக்கொண்ட இடம். அந்த எழுத்தர் பேசியதைவிட இருமியது அதிகம். ஒவ்வொரு பதிவேட்டையும் இறக்கும்போது அது ஒரு முறை தூசு கக்கியது, அவர் மூன்று முறை இருமினார். நான் கொடுத்த பெயரையும் தேதியையும் வைத்து விரலை ஓட்டினார். ஒரு வாரம் முன்னால் போனார். ஒரு வாரம் பின்னால் போனார்.

"இல்லம்மா. இந்தப் பேர்ல யாரும் சாகல."

"நல்லாப் பாருங்க சார்."

"பாத்தாச்சு. எங்க கணக்குப்படி உங்கப்பா சௌக்கியமா இருக்கார்."

"அப்படின்னா பதினாலு வருஷமா எங்க சார் போனார், கடைக்கா?"

இருமலுக்கு நடுவில் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் வந்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் மனிதர் பேச்சுத்துணைக்கு ஏங்கிப்போய் இருந்திருக்கிறார். "நீயே வந்து பாரு. ஆனா ஏட்டைத் தொடக்கூடாது. நான் புரட்டுவேன், நீ படிச்சுக்கோ" என்றார்.

அந்த மாதம் அந்த ஊரில் நாற்பத்தொரு பேர் செத்திருந்தார்கள். வரிசையாகப் படித்தேன். முதுமை, முதுமை, மாரடைப்பு, பிரசவம், முதுமை. பத்தொன்பதாவது வரியில் கண் நின்றது. அப்பாவின் பெயர். பெற்றவர் பெயர் அல்ல, வளர்த்தவர் பெயர்.

அப்பாவின் பெயர் ஒன்றும் அபூர்வமானதல்ல. பேருந்தில் சத்தமாகக் கூப்பிட்டால் மூன்று பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் இனிஷியலும் அதேதான். வயது முப்பத்துநான்கு. தொழில், கொத்தனார். விலாசம், அந்த இரண்டு பேரும் தங்கியிருந்த அறை. காரணம், மஞ்சள் காமாலை.

முந்தின நாள் ராத்திரி என் எதிரில் உட்கார்ந்து, சோற்றில் கல் இருக்கிறது என்று சொல்லி அம்மாவிடம் திட்டு வாங்கிய மனிதர் பதினான்கு வருடத்துக்கு முன்பே செத்துப்போயிருந்தார்.

"கடைசிக் கட்டத்தைப் படிங்க சார்" என்றேன்.

எழுத்தர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "தகவல் தந்தவர்..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். இருமலும் நின்றுவிட்டது. "அட. செத்தவர் பேரும் தகவல் தந்தவர் பேரும் ஒண்ணா இருக்கு."

"உறவு?"

"நண்பர்னு போட்டிருக்கு." கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "தனக்குத்தானே நண்பர். நல்ல மனுஷன்."

அதற்குப் பக்கத்தில் ஊதா மையில் ஒரு பெருவிரல் ரேகை.

"செத்தவரே வந்து, நான் செத்துட்டேன்னு சொல்லிக் கைநாட்டு வெச்சிருக்கார். பதினாலு வருஷமா யார் கண்ணுலயும் படலையா சார் இது?"

"யாராவது வந்து கேட்டாத்தானே பாப்போம். செத்தவங்க எங்கேம்மா நகல் கேட்டு வர்றாங்க?"

திருத்த வேண்டுமென்றால் மேலே பதிவாளரைப் பார்க்க வேண்டும், அவர் நாளைக்குத்தான் வருவார் என்றார். வெளியே வந்து அறிவிப்புப் பலகையைப் படித்தேன். சுவரில் எது ஒட்டியிருந்தாலும் முழுசாகப் படிக்கிற வியாதி எனக்கு உண்டு. இறந்தவர் பெயரை மாற்ற, முப்பது நாள் அறிவிப்பு. அதற்குக் கீழே, வெளிப்படையான எழுத்துப் பிழை என்றால் தகவல் தந்தவர் நேரில் வந்து சொல்லும் பட்சத்தில் பதிவாளர் அன்றே திருத்தலாம்.

வாசல் மரத்தடியில் ஒரு மேசையும் தட்டச்சு இயந்திரமும் ஒரு ஆளும் இருந்தார்கள். மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. நான் பலகையோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டு, "என்னம்மா பிரச்சினை?" என்றார். ஆற்றாமையில் பட்டப்பெயர்கள் உட்பட எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் சுண்டுவிரலால் காதைக் குடைந்தபடி கேட்டார்.

"இதுக்கா இவ்வளவு கவலை? ஒரே வார்த்தை. என்கிற."

"என்ன என்கிற?"

"ஏணி என்கிற ரசமட்டம். ரெண்டு பேரும் ஒரே ஆள், ரெண்டு பேரு வெச்சிருந்தார்னு ஒரு உறுதிமொழி. பிறப்புல ஒரு பேரு, பட்டத்துல ஒரு பேரு, செத்தது ஒரே ஆளு. இந்த ஏட்டுல இருக்கற நகலையே வாங்கிக் கூட இணைச்சுடு. எல்லாம் பொருந்திப்போச்சா? அரை மணி நேரத்துல அடிச்சுத் தரேன்."

"எங்க அப்பா உயிரோட இருக்காரே."

"இருக்கட்டுமே. நான் அவரை ஒண்ணும் பண்ணலையே."

உண்மையைச் சொல்கிறேன். ஆசையாக இருந்தது. திரும்பும் பேருந்தில் நோட்டை எடுத்து இரண்டு பெயர்களையும் எழுதி நடுவில் 'என்கிற' போட்டுப் பார்த்தேன். ஒட்டுப்போட்ட இடமே தெரியவில்லை. கல் பதித்தால் அப்பா அப்படித்தான் பதிப்பார்.

வீட்டுக்குப் போனதும் அவரை உட்கார வைத்து விசாரணையை ஆரம்பித்தேன்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரியில என்ன கேட்டாங்க? அப்படியே சொல்லுங்க."

"என்ன கேட்டாங்க... 'பேரு?'ன்னாங்க. சொன்னேன்."

"யார் பேரை?"

"என் பேரைத்தான்."

"ஏம்ப்பா?"

"என் மூஞ்சியைப் பாத்து 'பேரு?'ன்னு கேட்டா என் பேரைத்தானே சொல்லணும்? உன்னைப் பாத்து 'பேரு?'ன்னா நீ பக்கத்து வீட்டுக்காரி பேரையா சொல்லுவ?"

"வயசு?"

"'வயசு?'ன்னாங்க. முப்பத்துநாலுன்னேன்."

"தொழில்?"

"கொத்து வேலை. அதுல என்ன பொய்?"

"யார் செத்ததுன்னு கேக்கவே இல்லையா?"

"உள்ள படுத்திருக்கறது யாருன்னு அவங்களுக்குத் தெரியாதா பாப்பா? நான் நின்னுட்டிருந்தேன், அவன் படுத்திருந்தான்." சற்று யோசித்தார். "அவங்க நல்லவங்க. நிறையக் கேக்கல. எனக்கும் அன்னிக்கு நிறையச் சொல்ற மாதிரி இல்ல."

அவர் மேல் பாயத் தயாராக இருந்த நான் அந்த ஒரு வரியில் கொஞ்சம் தடுமாறினேன். ஆனால் விடவில்லை.

"அப்போ நாலாவதுல எனக்குப் பள்ளிக்கூடம் மாத்தினப்போ?"

"அங்கயும் அதேதான். உங்கம்மாவுக்கு லீவு கிடைக்கல, நான் கூட்டிட்டுப் போனேன். டீச்சரம்மா உன் பேரை எழுதிட்டு என்னைப் பாத்து 'பேரு?'ன்னாங்க. 'அப்பா பேரு'ன்னு ஒரு வார்த்தை சேத்துக் கேட்டிருந்தா நான் அவன் பேரைத்தான் சொல்லியிருப்பேன். எனக்கென்ன தெரியாதா?"

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். "அப்போ நீங்களும் அம்மாவும்..."

"அப்போ ஒண்ணும் இல்லடி!" என்று அடுப்படியிலிருந்து அம்மா கத்தினாள். "அது அப்புறம்! ரெண்டு வருஷம் கழிச்சு!"

ஆக, பள்ளிக்கூடம் இவரை எனக்கு அப்பாவாக்கிய பிறகுதான் அம்மாவே அவரைத் திரும்பிப் பார்த்திருக்கிறாள். ஒரே கேள்வி. அதற்கு ஒரே மாதிரி பதில் சொல்லி, ஓர் ஊரில் செத்து இன்னோர் ஊரில் அப்பாவாகியிருக்கிறார் மனிதர்.

தட்டச்சுக்காரரின் யோசனையைச் சொன்னேன். அப்பா முகம் மலர்ந்துவிட்டது.

"அட, இவ்வளவுதானா? நான் செத்துட்டேன்னே போட்டுக்கோ. என்னை எவன் தேடி வரப்போறான்? நிலமா இருக்கு, நீச்சா இருக்கு? இருந்தாலும் செத்தாலும் நான் பதிக்கப்போறது அதே கல்லு."

"நான் வேலைக்குப் போறதுக்கு உங்களைச் சாகடிக்கணுமா?"

"பேப்பர்லதானே பாப்பா."

"பேப்பர்லதான் நான் படிச்சிருக்கேன்! பேப்பர்லதான் எனக்கு வேலை! பேப்பர்னா என்னன்னு உங்களுக்கு என்ன தெரியும்? கைநாட்டு வெக்கத்தானே தெரியும்?"

வாயிலிருந்து போய்விட்டது. அப்பா எழுந்து போய், ஏற்கெனவே கழுவி வைத்திருந்த கொத்துக்கரண்டியை மறுபடி கழுவினார். கல்லூரியில் மூன்று வருடமும் பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் நானே கிறுக்கிக் கொடுத்தவள் நான். அங்கே ஊதா ரேகையைப் பார்த்தால் கூட இருப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற பயம். அது அவருக்குத் தெரியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. நீங்கள் என்னைத் திட்டிக்கொள்ளலாம். நானும் திட்டிக்கொண்டேன்.

அம்மா ஈரக்கையோடு வந்து நின்றாள். "அந்த மரத்தடி ஆளு சொல்ற மாதிரி எழுதினா, நான் கட்டினவரும் இவரும் ஒரே ஆளு. அந்த ஆளும் செத்தாச்சு. அப்போ தினமும் இங்க உக்காந்து சாப்பிடறது யாருடி?"

நான் நோட்டிலிருந்து 'என்கிற' எழுதிய தாளைக் கிழித்தேன்.

"கத்தி முடிச்சாச்சுன்னா சொல்லு. நாளைக்கு எத்தனை மணிக்குப் பஸ்ஸு?"

புதன்கிழமை மூன்று பேரும் பதிவாளர் முன்னால் நின்றோம். அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் விறைப்பாக இருந்தார். பதிவாளர் ஒரு பெண். மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு மேசை முழுக்க அதைத் தேடிக்கொண்டிருந்தார். இருமல் எழுத்தர் பதிவேட்டைக் கொண்டுவந்து விரித்து, "நேத்து சொன்னேனே மேடம், அந்தக் கேஸ்" என்றார்.

"செத்தவர் வந்திருக்காரா?"

"வந்திருக்கேன் மேடம்" என்று அப்பா கைகூப்பினார்.

பதிவாளர் வாயை இறுக்கிக்கொண்டு சிரிப்பை அடக்கினார். பிறகு அதிகாரியாகிவிட்டார். "பேர் மாத்தறதுன்னா முப்பது நாள் அறிவிப்பு கொடுக்கணும். எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

"இது பேர் மாத்தறது இல்ல மேடம், எழுத்துப் பிழை. தகவல் தந்தவர் நேர்ல வந்தா அன்னிக்கே திருத்தலாம்னு வெளியில நீங்கதான் ஒட்டியிருக்கீங்க."

"ஏட்டுப்படி தகவல் தந்தவரே செத்துட்டாரேம்மா. அவர் எப்படி நேர்ல வருவார்?"

இரண்டு நாளாக என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்துக்கொண்டிருந்தது. அந்தக் கோபம் ஒருவழியாக உருப்படியான வேலைக்கு உதவியது.

"செத்தவர் தகவல் தர முடியாது மேடம். இவர் தகவல் தந்தது நிஜம்னா, செத்தது இவர் இல்ல. செத்தது இவர்தான்னா, தகவல் யாருமே தரல, இந்த வரியே செல்லாது. ரெண்டுல எதுன்னு நீங்க சொல்லுங்க, நான் போயிடறேன். ஆனா எதைச் சொன்னாலும் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

எழுத்தர் இருமலை வாய்க்குள்ளேயே விழுங்கினார்.

"நீ என்னம்மா படிச்சிருக்க?"

"வேதியியல்."

"தப்பாப் படிச்சுட்ட" என்றார் பதிவாளர். "ஒரு வெள்ளைத் தாளும் மைப்பெட்டியும் எடுங்க. பூதக்கண்ணாடியும்."

அப்பா பெருவிரலை மையில் அமுக்கித் தாளில் வைத்தார். பழைய ரேகையும் புதிய ரேகையும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. கல்லோடும் சிமெண்டோடும் உராய்ந்து புதியதில் பாதிக் கோடுகள் அழிந்திருந்தன. ஆனால் இரண்டிலுமே ரேகையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு வெள்ளைக் கோடு, ஒரே சாய்வில்.

"இது என்ன தழும்பு?"

"கல் அறுக்கற மெஷின் மேடம். ஏணி சாகறதுக்கு முந்தின வருஷம். அவன்தான் துணியைச் சுத்தி, தோள்ல போட்டுத் தூக்கிட்டு ஓடினான். விரல்ல அடிபட்டா எதுக்குடா தோள்ல தூக்கறேன்னு கேட்டேன். கேக்கல அவன்."

பதிவாளர் அம்மா பக்கம் திரும்பினார். "இறந்தவர் உங்களுக்கு என்ன வேணும்?"

"வீட்டுக்காரர்."

"இவர்?"

"வீட்டுக்காரர்."

பேனா நின்றது.

"ஒருத்தருக்கு அப்புறம் ஒருத்தர் மேடம்" என்றாள் அம்மா. "சேர்ந்தாப்ல இல்ல."

திருமண அத்தாட்சி, பிறப்புச் சான்றிதழ், மூன்று பேரின் வாக்குமூலம் எல்லாம் சேர்ந்து மதியம் இரண்டு மணி ஆகிவிட்டது. பதிவாளர் சிவப்பு மையில் பழைய பெயரைக் குறுக்கே கோடு போட்டு அடித்து, மேலே சின்ன எழுத்தில் சரியான பெயரை எழுதினார். தொழில் கட்டத்தில் கொத்தனாரை அடித்து 'வர்ணம் பூசுபவர்' என்று எழுதினார். வயது என்ன என்று கேட்டார். அம்மா உடனே சொன்னாள். முப்பத்தொன்று.

எனக்கு இருபத்திரண்டு. ஒன்பது வருடம்தான் வித்தியாசம். தெருவில் பார்த்தால் அண்ணா என்று கூப்பிடுகிற வயது. இரண்டு நாளாக இந்த மனிதரைச் சாகடிக்க அலைந்தேனே தவிர, அவர் செத்துப்போனதைப் பற்றி ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை. பதினான்கு வருடமாக ஒரு வரிகூட இல்லாமல் கிடந்திருக்கிறார். யாரும் அவரைச் செத்தவர் என்றுகூட எழுதி வைக்கவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, வழக்கம்போல ஆத்திரம்தான் வந்தது. ஆனால் இந்தத் தடவை திட்டுவதற்கு ஆள் யாரும் கிடைக்கவில்லை.

நகல் சுடச்சுட வந்தது. முத்திரை, கையெழுத்து எல்லாம் சரியாக இருந்தன. வராந்தாவில் வைத்து அப்பா என் கையிலிருந்து அதை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எந்தப் பக்கம் மேலே என்று ஒரு கணம் தேடி, அரசு முத்திரையை வைத்துக் கண்டுபிடித்தார்.

"அவன் பேரு எங்க இருக்கு பாப்பா?"

காட்டினேன். மெதுவாக அதன் மேல் பெருவிரலை வைத்தார். நன்றாக, அழுத்தி.

சற்று முன் வாக்குமூலத்தில் கைநாட்டு வைத்த மை அந்த விரலில் இன்னும் காயவில்லை.

"ப்பா!"

அவர் பதறி விரலை எடுத்தார். பெயரின் முதல் மூன்று எழுத்துகளைக் காணோம். அந்த இடத்தில் குறுக்கே வெள்ளைக் கோடு ஓடும் ஒரு ஊதா ரேகை. அம்மா முந்தானையை வாயில் வைத்து அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. சுவரில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்த எழுத்தர் தலையிலடித்துக்கொண்டார்.

"செல்லாதும்மா அது! இன்னொரு நகல் வேணும்னா மறுபடி வரிசையில வரணும்!"

அப்பா பேயறைந்தவர் போல நின்றார். "கெடுத்துட்டேனா பாப்பா? வேலை போயிடுமா?"

"போகாது. இன்னொண்ணு தருவாங்க." தாளை அவரிடமிருந்து வாங்கி, மை ஒட்டாமல் இரண்டாக மடித்து என் பைக்குள் வைத்தேன். "இது என்கிட்ட இருக்கட்டும். நீங்க போய்க் கையைக் கழுவுங்க, முதல்ல."

அவர் குழாயைத் தேடிப் போனார். போகும்போது வராந்தாத் தரையைக் குனிந்து பார்த்து, யாரோ மோசமாகப் பதித்திருக்கிறார்கள் என்று அம்மாவிடம் குறை சொல்லிக்கொண்டே போனார். எனக்கு முன்னால் பதினொரு பேர் நின்றிருந்தார்கள். நான் பன்னிரண்டாவதாகப் போய் நின்றேன்.